ஆர்டிஸின் மிச்சம் மீதி

அமெரிக்க வயல்வெளிக்கு நடுவில் இருக்கும் எங்கள் சிற்றூர் நோர்பியில் இலையுதிர்காலம் வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள மரத்தை அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை. மனிதர்களைப் பார்த்தால் போதும். சனிக்கிழமை காலையில், வாசலில் உதிர்ந்து கிடக்கும் நிஜ இலைகளை ஒன்று விடாமல் வாரி, மூட்டை கட்டி, தெருவோரம் குப்பை வண்டிக்கு வைப்பார்கள். மத்தியானம் காரை எடுத்துக்கொண்டு டவுன் கடைக்குப் போய், துணியில் வெட்டிய இலைகளை வாங்கி வந்து, அதே வாசலில் கம்பி போட்டுக் கட்டுவார்கள். மரம் சும்மா கொடுத்தால் அது குப்பை. கடைக்காரன் கொடுத்தால் அது அலங்காரம்.

போதாததற்குப் பலகை வேறு. எந்த வீட்டு முகப்பைப் பார்த்தாலும் ஒரு மரப்பலகையில் கொட்டை எழுத்தில் ஏதாவது எழுதிச் சாய்த்து வைத்திருப்பார்கள். சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்குப் போனதைவிட மாட்டுக்கொட்டகைக்குப் போனது அதிகம் என்பதால் எழுத்து என்னிடம் ஒட்டவில்லை. விசாரித்தேன். 'நன்றியுடன்' என்று எழுதியிருக்கிறதாம். யாருக்கு என்று போடவில்லையாம். படிக்கத் தெரியாததில் இருக்கும் சௌகரியம் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

இந்தக் கூத்து நடக்கும் ஊரில் கடையில் ஒரு துணி இலைகூட வாங்காதவள் ஆர்டிஸ் டோலஃப்சன். என் எதிர்வீட்டுக்காரி. வாங்காததால் அவள் வாசல் மொட்டையாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ஊரிலேயே அதிகமாக அலங்காரம் தொங்குவது அங்கேதான். எல்லாம் அவள் கையால் செய்தது, எல்லாம் எதிலிருந்தோ மிஞ்சியது. அவள் கடைக்குப் போய் வாங்கும் ஒரே பொருள், பசையை உருக்கி ஊற்றும் க்ளூ கன்னில் போடும் பசைக்குச்சி. "அது மட்டும் மிஞ்ச மாட்டேங்குதுடி" என்று வருத்தப்படுவாள்.

அவள் வீட்டு நிலவறையில், புருஷன் எல்டன் அடித்துக் கொடுத்த பலகைத் தட்டுகள் நாலு சுவருக்கும் உண்டு. எல்டன் தானியக் கிடங்கில் வேலை பார்த்தவர். வாய் திறந்து பேசமாட்டார், ஆனால் கேட்ட இடத்தில் தட்டு அடித்துக் கொடுப்பார். அந்தத் தட்டுகளில் என்ன இல்லை? தைத்து மிஞ்சிய துணித் துண்டு. பழம் பதப்படுத்தும் ஜாடிகளின் துருப்பிடித்த மூடி வளையம். ஞாயிறுப் பள்ளிப் பிள்ளைகள் ஒட்டி விளையாடி மிஞ்சிய ஐஸ்குச்சி. முட்டை அட்டை, நூல்கட்டை, துணி மாட்டும் க்ளிப். சர்ச்சில் யாரை அடக்கம் செய்தாலும் பூங்கொத்தில் கட்டியிருந்த ரிப்பனை அவிழ்த்து, இஸ்திரி போட்டுச் சுருட்டிய உருளைகள். எல்டன் போன பிறகு எல்டனின் கழுத்து டைகளும் அங்கேயே இறங்கின. டை கட்டவே பிடிக்காத மனிதர். செத்த பிறகு அவர் டை ஊர்க் கதவில் எல்லாம் தொங்கியது.

இதையெல்லாம் வைத்து அவள் செய்வது என்ன என்கிறீர்களா? இலையுதிர்காலம் என்றால் எங்கள் ஊரில் வாசலுக்கு வாசல் வைக்கிற பரங்கிக்காய். மூடி வளையங்களைக் கயிற்றில் கோத்து வட்டமாக விரித்து, நடுவில் ஒரு பட்டைக் குச்சியைச் செருகினால் பரங்கிக்காய். துணி உலர்த்தும் மெஷினின் பழைய வளைகுழாயைச் சுருட்டி ஆரஞ்சு வண்ணம் அடித்தால் பரங்கிக்காய். டாய்லெட் பேப்பர் உருளைமேல் துணியைச் சுற்றி ஓட்டைக்குள் சொருகினாலும் பரங்கிக்காய்தான். இந்தக் கடைசி வகையைச் சர்ச்சுக் கழிவறையில் வைப்பாள். வருஷாவருஷம் யாராவது ஒருவர் அவசரத்துக்கு அலங்காரத்தைப் பிரித்துவிடுவார். அவள் கோபித்துக்கொண்டதே இல்லை. "அதுவும் உபயோகந்தானே" என்பாள்.

நிஜப் பரங்கிக்காய் எங்கள் வயல்களில் கேட்பாரற்றுக் கிடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் அவளுக்கு இத்தனை வருஷச் சிநேகிதி. ஆனாலும் என் கதவில் ஒன்றும் தொங்காது. கதவு என்பது திறக்க, மூட. அவளும் வருஷாவருஷம் கதவில் மாட்டும் ஒரு அலங்கார வளையத்தோடு வந்து நிற்பாள். நானும் வேண்டாம் என்பேன். இரண்டு பேரும் காபி குடிப்போம்.

இப்போது எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஆர்டிஸுக்கு வந்த ஆபத்து உங்களுக்குப் புரியாது. நோர்பியில் எதைக் கொடுத்தாலும் மூன்றாம் முறை கேட்கும்போதுதான் வாங்கிக்கொள்ள வேண்டும். காபி குடிக்கிறாயா என்றால், வேண்டாம், உனக்கு எதற்குச் சிரமம். அட, ஒரு வாய் குடியேன் என்றால், இல்லை இல்லை, இப்போதுதான் குடித்தேன். போட்டு வைத்தது வீணாகப் போகிறது என்றால்தான், சரி, கொஞ்சம்போல ஊற்று. முதல் முறையே சரி என்பவன் அலைகிறவன். மூன்றாம் முறையும் வேண்டாம் என்பவன் சண்டைக்கு வந்தவன். மூன்றாவதை மறுத்து இந்த ஊரில் ஒரு கல்யாணம் நின்றிருக்கிறது. ஆர்டிஸ் என் கதவு வளையத்தை ஒருநாளும் மூன்றாம் முறை கேட்டதில்லை. அதனால்தான் எங்கள் சிநேகம் நிலைத்தது.

போன வசந்தகாலத்தில் ஆர்டிஸ் நிலவறைப் படியில் விழுந்தாள். இரண்டு கையிலும் ஒரு பெட்டி முட்டை அட்டை. பெட்டியை விட்டிருந்தால் கைப்பிடியைப் பிடித்திருக்கலாம். விடவில்லை. முட்டை அட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. வலது மணிக்கட்டு முறிந்தது.

மகள் ஜோலீன் மினியாபொலிஸ் நகரத்திலிருந்து காரில் பறந்து வந்தாள். தொழிற்சாலைகளில் யாரும் வழுக்கி விழாமல் பார்த்துக்கொள்வதுதான் அவள் உத்தியோகம். ஆயிரம் பேரை விழாமல் நிறுத்தியவளின் அம்மா, அட்டைப்பெட்டியோடு உருண்டாள். ஜோலீனின் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்து முதல் முறை கேட்டாள். "அம்மா, என் வீட்டுக்குப் பக்கத்துல பெரியவங்களுக்குன்னே ஒரு குடியிருப்பு இருக்கு. படியே கிடையாது. வந்துடேன்."

"எதுக்கும்மா உனக்குச் சிரமம்" என்றாள் ஆர்டிஸ்.

செப்டம்பர் விடுமுறைக்கு வந்தபோது இரண்டாம் முறை. அதற்குள் கட்டு பிரித்து, ஆர்டிஸ் மறுபடியும் நிலவறையில் இறங்கியிருந்தாள். ஜோலீன் படியின் மேலே நின்றுகொண்டு, தலையை உள்ளே விட்டு எட்டிப் பார்த்தாள். நான் சமையலறையில் உட்கார்ந்திருந்தேன்.

"இதெல்லாம் எதுக்கும்மா? யாருக்கு? வந்துடேன் என்கூட."

"இல்லம்மா, இங்கயே நல்லாத்தானே இருக்கேன்."

ஜோலீன் கதவைச் சாத்தினாள். "தேங்க்ஸ்கிவிங்குக்கு வருவேன். அதுக்குள்ள இந்த பேஸ்மென்ட் காலியாயிருந்தா நான் வாயத் திறக்க மாட்டேன். இல்லன்னா திரும்பவும் கேப்பேன்."

தேங்க்ஸ்கிவிங் என்பது நவம்பர் கடைசியில் வரும் நன்றித் திருநாள்; திரும்பவும் என்றால் மூன்றாம் முறை. கார் தெருமுனையில் திரும்பும்வரை கையாட்டிவிட்டு ஆர்டிஸ் என் பக்கம் திரும்பினாள்.

"மூணாவது தடவ கேட்டுட்டா நான் என்னடி செய்வேன்?"

"வேண்டாம்னு சொல்லு."

"பெத்த பொண்ணுகிட்டயா? மூணாவது தடவையா? உனக்கு வாய் வருமா?"

வாயைத் திறந்தேன். வரவில்லை. மூடிக்கொண்டேன்.

"அந்த எடத்தக் கூட்டிட்டுப் போய் காட்டினாடி" என்றாள். "எல்லாக் கதவும் ஒரே நெறம். எல்லாக் கதவுலயும் ஒரே கொக்கி, அதுல அவங்க குடுக்குற வளையத்தத்தான் மாட்டணுமாம். அதக்கூட விடு. இங்க நான் என்ன செய்யணும்னு கேட்டேன். 'ஒண்ணுமே செய்ய வேண்டாங்க, எல்லாம் நாங்க பாத்துக்கறோம்'னு ஒருத்தி சிரிச்சிக்கிட்டே சொல்றா. ஒண்ணும் செய்யாம எப்படிடி ஒக்காந்திருக்கிறது?"

பதில் இல்லாத இடத்தில் நான் வழக்கமாகச் சொல்வதையே சொன்னேன்: "குப்பையில போட்டுத் தொலை."

அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே சொல்ல முடியாது. நல்ல பொருளைக் குப்பையில் போடுவது எங்கள் ஊரில் கொலைக்குக் கொஞ்சம் கீழே. "போட மாட்டேன். செஞ்சே தீத்துடறேன்" என்றாள்.

அப்படித்தான் அந்த அக்டோபர் ஆரம்பித்தது. நிலவறைப் படியில் இறங்க மாட்டேன் என்று மகளுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தாள். வாக்கைக் காப்பாற்றினாள். இறங்கவில்லை; முதல் படியில் உட்கார்ந்து, ஒவ்வொரு படியாக நகர்ந்து போனாள். கீழேயிருந்து பொருளை வாளியில் போடுவாள். மேலே நான் கயிற்றை இழுப்பேன். எனக்கு முழங்கால் சரியில்லை, அவளுக்குக் கை சரியில்லை. இரண்டு பேரையும் சேர்த்தால் ஒரு முழு மனுஷி தேறும்.

சாப்பாட்டு மேஜை முழுக்கத் துணி, கம்பி, குச்சி. க்ளூ கன் நாளெல்லாம் சூடாகவே இருந்தது. அவள் மணிக்கட்டு முழுக்க மடங்காது. ஆகவே அவள் பசை விடுவாள், நான் பிடித்துக்கொள்ள வேண்டும். என் விரல்களில் இன்றைக்கும் தழும்பு இருக்கிறது.

"அசையாமப் பிடிடி ஹல்டா."

"சுடுது!"

"இத்தன வருஷம் மாடு உதச்சுத் தாங்கினவ, இதத் தாங்க மாட்டியா?"

"மாடு பசையில ஒட்டிக்கல."

"ஏன் அது கோணலா இருக்கு?"

"நான் பிடிச்சது நேராத்தான் இருந்தது. உன் பரங்கிக்காதான் கோணல்."

"நிஜப் பரங்கிக்கா மட்டும் நேராவா இருக்கு?" என்றாள். நான் அடுத்த குச்சியைப் பிடித்தேன். நிஜத்தைப் பற்றிப் பேச அந்த மேஜையில் இடமில்லை.

முட்டை அட்டையின் குழிகளை வெட்டிக் கவிழ்த்து ஓக் மரத்துக் காயாக ஆக்கினாள். ஐஸ்குச்சியில் வேலி. க்ளிப்புகளைக் கம்பி வட்டத்தில் செருகி வளையம். அடக்க ரிப்பனில் சூரியகாந்தி. டைகளை நறுக்கிப் பஞ்சு அடைத்துப் பட்டுப் பரங்கிக்காய். இதெல்லாம் நன்றாக இருந்ததா என்று கேட்டால், கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால் நன்றாகவே இருந்தது. அக்டோபர் கடைசியில் நிலவறைத் தட்டுகள் பல்போன வாய் மாதிரி காலியாகத் தெரிய ஆரம்பித்தன. ஆர்டிஸ் பாட்டுகூட முணுமுணுத்தாள்.

பிறகு விநியோகம். அவள் பேத்தி, ஜோலீனின் மகள் கெல்சி சின்ன வயதில் இழுத்து விளையாடிய சிவப்புத் தள்ளுவண்டியில் ஏற்றி, வீடுவீடாகப் போனோம். அவள் இழுத்தாள், நான் பக்கத்தில் நடந்து பரங்கிக்காய் விழாமல் பார்த்துக்கொண்டேன்.

சர்ச் சமையலறையை ஆளும் மார்லிஸின் வீடு முதலில். அவள் வாசலில் கடையில் வாங்கிய அலங்காரம் மட்டும்தான் இருக்கும், விலைச்சீட்டின் நூல்கூடச் சில சமயம் தெரியும். உலர்த்திக் குழாய்ப் பரங்கிக்காயைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அடடே, ஆர்டிஸ்… இது… ரொம்ப வித்தியாசமா இருக்கே!"

எங்கள் ஊரில் ஒருவர் கையில் நெருப்பு வைத்தாலும் 'வித்தியாசமா இருக்கே' என்றுதான் சொல்வார்கள். அதைவிடக் கடுமையான வார்த்தை எங்களிடம் கிடையாது.

"வச்சுக்கயேன்" என்றாள் ஆர்டிஸ்.

"ஐயோ, எனக்கெதுக்கு. வேற யாருக்காவது குடு."

"இல்ல, உனக்குன்னே செஞ்சது."

"நீ கஷ்டப்பட்டுச் செஞ்சத நான் எப்படி…"

"சும்மா எடுத்துக்க மார்லிஸ்."

மூன்றாவது. மார்லிஸ் எடுத்துக்கொண்டாள். வேறு வழி? அந்த வாரம் முழுக்க, நோர்பியில் யாருக்கும் வேறு வழி இருக்கவில்லை. பாஸ்டர் லுண்ட் முட்டை அட்டைத் தோரணத்தை வாங்கிக்கொண்டு, கடவுளின் படைப்பில்தான் எத்தனை விதம் என்றார். அவர் படித்தவர், வித்தியாசம் என்பதையே சுற்றிவளைத்துச் சொல்வார். ஊரோரத்து விவசாயி வெர்லின் மட்டும் உண்மையாகச் சந்தோஷப்பட்டான். மக்காச்சோளம் அறுத்துக்கொண்டிருந்தவன், வண்டியை நிறுத்தி இறங்கி வந்து, எல்டனின் டையில் செய்த பரங்கிக்காயைத் தூக்கிப் பார்த்தான்.

"இது எல்டன் ஈஸ்டருக்குக் கட்டுற டையில்ல?"

"ஆமா."

"அவனுக்குப் பிடிக்கவே பிடிக்காதே இது" என்றான் வெர்லின், கண்ணைத் துடைத்துக்கொண்டு. அறுவடை வண்டிக்குள் கண்ணாடியில் மாட்டிவிட்டுப் போனான்.

வெறும் தள்ளுவண்டியோடு நாங்கள் வீடு திரும்பினோம். நிலவறையைத் துடைப்பத்தால் பெருக்கி எடுத்துவிட்டு, உட்கார்ந்தே மேலே ஏறி வந்தாள் ஆர்டிஸ். "கேக்கட்டும் அவ இப்ப" என்றாள். நானும் ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். எங்கள் ஊரில் பிறந்து, எங்கள் ஊரிலேயே கிழவியான இரண்டு பேருக்கும் ஒரு விஷயம் ஞாபகம் வரவில்லை.

நோர்பியில் யாரும் பாத்திரத்தைக் காலியாகத் திருப்பித் தரமாட்டார்கள். ஒருத்தி ஹாட்டிஷ், அதாவது இறைச்சியும் உருளைக்கிழங்கும் சேர்த்து அடுப்பில் சுட்ட பதார்த்தம் கொடுத்தால், அந்தத் தட்டு இனிப்புத் துண்டத்தோடுதான் திரும்பி வரும். வாங்கிய கை வாங்கினபடியே இருந்தால் தூக்கம் வராத ஜனங்கள். ஊரில் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்றைக் கொடுத்துவிட்டு, நாங்கள் பாட்டுக்கு நிம்மதியாகக் காபி குடித்துக்கொண்டிருந்தோம்.

மார்லிஸ்தான் முதலில் வந்தாள். கையில் வீங்கிய பை.

"ஆர்டிஸ், நீதான் இதெல்லாம் வச்சு அழகழகாச் செய்யிறியே. வீட்டுல சும்மா கெடந்தது. கிறிஸ்துமஸ் பேப்பர், கொஞ்சம் ரிப்பன்…"

"ஐயோ வேண்டாம் மார்லிஸ்."

"எடுத்துக்கயேன்."

"உனக்கே ஒதவும்."

"இல்ல இல்ல, உனக்குன்னுதான் கட்டி வச்சேன்."

நான் ஆர்டிஸின் காலை மேஜைக்கடியில் மிதித்தேன். பலனில்லை. மூன்றாவது மூன்றாவதுதான். பையை வாங்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு கதவு தட்டும் ஓசை ஓயவில்லை. வெட்கப்பட்டவர்கள் தட்டாமல் வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். யோசித்துப் பாருங்கள்: ஒவ்வொரு வீட்டிலும், தூக்கிப்போட மனசில்லாமல் பல வருஷமாக அலமாரியை அடைத்துக்கொண்டிருந்த பொருள் உண்டு. பாதி பின்னிய ஒற்றைக் காலுறை. அத்தை விட்டுப்போன பொத்தான் டப்பா. ஒரு துண்டு குறையும் படப்புதிர். காது இல்லாத முயல். போட்டால் பாவம், வைத்தால் இடமில்லை. அப்படிப்பட்ட ஊருக்கு, இதையெல்லாம் வாங்கிக்கொள்ள ஒருத்தி இருக்கிறாள் என்று நாங்களே தள்ளுவண்டியில் போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறோம்! சுத்தமான மனசாட்சியோடு மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். பாஸ்டர் ஞானஸ்நான மெழுகுவர்த்தி மிச்சம் கொண்டுவந்தார். வெர்லின் வைக்கோல் கட்டும் சணல் ஒரு லாரி. இதை மட்டும் மிகையாகச் சொல்கிறேன். லாரியில் வந்தது, ஆனால் பாதி லாரிதான்.

நிலவறைத் தட்டுகள் நிறைந்தன. தரை நிறைந்தது. தரை நிறைந்த பிறகு படிகளின் இரண்டு ஓரமும் நிறைந்தன. முன்பு படியில் விழக்கூடிய அபாயம் இருந்தது. இப்போது விழ இடமே இல்லை.

"செஞ்சு தீத்துடலாமா?" என்றேன்.

"செஞ்சு யாருக்குக் குடுக்கிறது? குடுத்தா திரும்ப வருமே" என்றாள். நாற்காலியில் உட்கார்ந்து, அந்த ஒற்றைக் காலுறையை மடியில் வைத்துக்கொண்டாள். அவள் கை ஒன்றும் செய்யாமல் இருந்ததை நான் அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தேன். எனக்குப் பிடிக்கவில்லை.

தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தின நாள், லேசாகப் பனி தூறிக்கொண்டிருந்தபோது ஜோலீனின் கார் வந்து நின்றது. நான் ஆர்டிஸ் வீட்டில்தான் இருந்தேன். எனக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லை. சும்மா இருந்தேன், எழுந்து போகச் சொல்லட்டும் பார்க்கலாம் என்று.

ஜோலீன் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. நேராகப் போய் நிலவறைக் கதவைத் திறந்தாள். மேல்படியில் இருந்த காதில்லாத முயல் சரிந்து அவள் காலடியில் விழுந்தது.

"அம்மா."

"தீத்துட்டேம்மா. ஹல்டாவக் கேளு. பெருக்கியே விட்டேன். அப்புறம் எல்லாரும் கொண்டுவந்து…"

"வேண்டாம்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேனே, ரெண்டு தடவ!"

ஜோலீன் அந்த முயலைக் கையில் எடுத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உத்தியோகக் குரல் எல்லாம் போய், பழைய ஜோலீனாகப் பேசினாள்.

"வேலைக்கு நடுவுல போன் அடிச்சாலே உனக்குத்தான் என்னமோன்னு நெனைக்கிறேம்மா. இந்த ஊரு நம்பர் தெரிஞ்சா எடுக்கவே பயமா இருக்கு. நீ இந்தப் படியில கெடக்க, யாரும் பாக்காம… தினம் அதையே நெனச்சுக்கிட்டு இருக்கேன். உன் துணியப் பத்தி எனக்கு என்னம்மா? எனக்கு இந்தப் படிதான் பயம்."

ஜோலீன் மூக்கை உறிஞ்சிவிட்டு நிமிர்ந்தாள். "அம்மா, நான் கேக்கறேன்…"

வந்துவிட்டது. ஆர்டிஸ் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவள் உதடு 'சரி' என்பதற்குத் தயாராகிவிட்டது. எனக்கு அங்கிருந்தே தெரிந்தது. அடுத்தவர் குடும்பப் பேச்சில் நுழைவது மரியாதையில்லை என்பது எனக்கும் தெரியும். மரியாதையாக இருந்து நான் எதைக் கண்டேன்?

"ஜோலீன், பயம் படியா, துணியா?" என்றேன்.

"என்ன?"

"இப்ப நீயே சொன்னியே, படிதான்னு. அப்ப படிய மூடு. துணிய மேல கொண்டா."

"மேல எங்க எடம் இருக்கு ஹல்டா? ரெண்டே ரூம்."

"ஒரு ரூம்ல உங்கம்மா படுக்கறா. இன்னொரு ரூம்ல?"

ஜோலீனுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. "அது என் ரூம்."

"வருஷத்துல ரெண்டு ராத்திரி. மீதி நாளெல்லாம் நீ பள்ளிக்கூடத்துல ஜெயிச்ச கோப்பைங்கதான் அங்க குடியிருக்கு. உங்கம்மா அதுங்கள வாராவாரம் தொடைக்கிறா."

"அங்க எல்லாத்தயும் வச்சா நான் வந்தா எங்க படுக்கிறது?"

"என் வீட்டுல படு. என் வீடு காலியாத்தான் இருக்கு. கதவுலகூட ஒண்ணும் கெடையாது."

"ஹல்டா, இது உங்க விஷயம் இல்ல…"

"இல்லதான். ஆனா நான் எந்திரிச்சுப் போகப் போறதில்ல" என்று நாற்காலியை மேஜைக்கு நெருக்கிப் போட்டுக்கொண்டேன்.

ஜோலீன் அம்மாவைப் பார்த்தாள். "நீ கீழ போகவே மாட்டியா? உக்காந்துகூட?"

"அது உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள் ஆர்டிஸ்.

"உன் பாவாடையில பின்பக்கம் முழுக்கச் சிமென்ட் பொடிம்மா."

பாருங்கள், அந்த உத்தியோகத்துக்கு ஒரு அர்த்தம் இருக்கத்தான் செய்கிறது.

வெர்லினுக்குப் போன் போட்டேன். அவன் இரண்டு மகன்களோடு வந்தான். எல்லாவற்றையும் மேலே ஏற்றினார்கள். எல்டனின் பலகைத் தட்டுகளையும் கழற்றி ஜோலீனின் அறைச் சுவரில் அடித்தார்கள். நிலவறைக் கதவுக்கு ஒரு பூட்டு. சாவியை ஜோலீன் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். ஆர்டிஸ் அந்த அறை ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்தாள். "இங்க வெளிச்சம் நல்லா இருக்கே" என்றாள். இத்தனை வருஷமும் கோப்பைகளுக்குத்தான் அந்த வெளிச்சம்.

கட்டிலையும் கோப்பைகளையும் என்ன செய்வது? கட்டிலை வெர்லின் என் வீட்டில் கொண்டுபோய்ப் போட்டான். கோப்பைகளை இரண்டு பெட்டியில் அடுக்கி நான் வெளியே எடுத்துக்கொண்டு போனேன்.

"ஜோலீன், டிக்கியத் தெற."

"வேண்டாம் ஹல்டா, பின்சீட்டுல வையுங்க."

"சீட்டெல்லாம் ஈரமாயிடும். டிக்கியத் தெற."

"இல்ல, அது… அங்க எடமில்ல."

நான் பிடிவாதக்காரி என்று ஊரில் சொல்கிறார்கள். அன்றைக்கு டிக்கியை நானே திறந்தேன்.

மேல்வரை சாக்குத்துணி. ஜூன் மாதம் பேத்தி கெல்சிக்கு ஒரு வைக்கோல் கொட்டகையில் கல்யாணம் நடந்தது. நகரத்துப் பிள்ளைகளுக்கு இப்போது கொட்டகையில்தான் கல்யாணம் செய்யப் பிடிக்கிறது. பிறந்ததிலிருந்து கொட்டகையில் கிடந்த எனக்கு, அழைப்பு வந்தபோது தப்பாகச் சொல்கிறார்களோ என்று இருந்தது. மேஜைக்கு மேஜை சாக்குத்துணி விரித்து, அதன்மேல் கண்ணாடி ஜாடியில் பூ வைத்திருந்தார்கள். அந்தச் சாக்குத்துணி. அந்த ஜாடிகள். சரிகை நாடா, உலர்ந்த கோதுமைக் கதிர், எல்லாம் ஜூனிலிருந்து அந்த டிக்கியிலேயே ஊர் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. அம்மாவின் நிலவறையைக் காலி செய்யச் சொல்லி வந்தவள், இத்தனையையும் டிக்கியில் ஏற்றிக்கொண்டு ஓட்டி வந்திருக்கிறாள்.

ஜோலீனின் முகம் பரங்கிக்காய் நிறத்துக்கு வந்தது.

"தூக்கிப் போடலாம்னுதான் இருந்தேன். நல்ல துணி. ஒரு தடவதான் விரிச்சது. எதுக்காவது ஆகும்னு…"

வெர்லின் தொண்டையைச் செருமிக்கொண்டு வானத்தைப் பார்த்தான். ஆர்டிஸ் செருப்போடு பனியில் இறங்கி வந்து, சாக்குத்துணியின் ஓரத்தை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"அம்மா, உனக்கு வேணுமா?"

"ஐயோ, எனக்கெதுக்கும்மா. இருக்கிறதுக்கே எடமில்ல."

"எடுத்துக்கயேன்."

"இல்லம்மா, உனக்கு ஒதவும்."

"சரி" என்று ஜோலீன் டிக்கிக் கதவில் கை வைத்தாள்.

முப்பது வருஷம் நகரத்தில் இருந்தால் மனிதர்கள் எப்படி ஆகிவிடுகிறார்கள் பாருங்கள். சொன்னதை அப்படியே நம்பிவிடுகிறார்கள்! ஆர்டிஸின் விரல் இன்னும் துணியை விடவில்லை. கதவு இறங்கினால் கைமேல்தான் இறங்கும்.

"இன்னொரு தடவ கேளு" என்று ஜோலீனின் முழங்கையை இடித்தேன்.

அவள் என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். அப்புறம்தான் அவளுக்கு ஊர் ஞாபகம் வந்தது. கேட்காமல் நின்றுபோன அந்த மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டுதானே இத்தனை தூரம் வந்திருந்தாள்? டிக்கிக் கதவிலிருந்து கையை எடுத்தாள். பனி அவள் தலைமேல் விழுந்துகொண்டிருந்தது.

"எடுத்துக்கம்மா" என்றாள். "எனக்காக எடுத்துக்க."

"சரி, கொஞ்சம்போல" என்று ஆர்டிஸ் அத்தனையையும் வாரிக்கொண்டாள்.

மறுநாள் மேஜையில் வான்கோழிக்குப் பக்கத்தில் சாக்குத்துணிப் பரங்கிக்காய் ஒன்று உட்கார்ந்திருந்தது. ஜோலீன் பிடித்துக்கொண்டாளாம், அவள் விரலிலும் இரண்டு சூட்டுக் கொப்புளம். அன்றைக்கு ராத்திரி ஜோலீன் என் வீட்டில் படுக்க வந்தபோது, கேட்காமலேயே இன்னொன்றை எடுத்துவந்து என் வாசல்படியில் வைத்துவிட்டாள்.

கதவில் இல்லை, படியில்தான். ஆகவே நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வித்தியாசமாக இருக்கிறது.